நாலு இஞ்சும் நாலு இஞ்சும் சேராத இடம்: வேலூர் விடுதி ஒன்றின் கழிவுத் தொட்டி இணைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் விடுதிகள் ஏறக்குறைய ஒரே அச்சில் கட்டப்பட்டவை. முன்னால் வரவேற்பு மேசை, நடுவில் அறைகள், பின்னால் சமையல் கூடம், அதற்கும் பின்னால் செப்டிக் டேங்க். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் குடும்பத்தோடு தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். சாதாரண வீட்டில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய கசடு இங்கே சில மாதங்களிலேயே சேர்ந்துவிடுகிறது. எனவே கழிவுநீர் லாரி அடிக்கடி வந்தாக வேண்டும். அது வரும்போது அதன் குழாய் கட்டடத்தின் குழாயோடு சரியாகச் சேராவிட்டால் என்னென்ன நடக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோட்டப்பாளையம் பக்கத்தில் நான்கு மாடி விடுதி ஒன்று. தெருவில் இரவு நேரத்தில் லாரி நிற்க முடியும். ஆனால் பின்பக்கத் தொட்டிக்குப் போகும் பக்கவாட்டுச் சந்து மூன்றடிதான். லாரியின் குழாயை அதன் வழியே இழுத்தால் சமையல் கூடத்தையும் தரைத்தள அறைகளின் ஜன்னல்களையும் உரசிக்கொண்டு போகும். இதை முன்பே யோசித்துத்தான், தொட்டியிலிருந்து தெருவோரச் சுவர் வரை ஒரு பிவிசி குழாயைப் பதித்து, முனையில் மரை போட்ட துண்டும் மூடியும் வைத்திருந்தார்கள். நோக்கம் நல்லது. லாரி வெளியே நிற்கும், முனையில் மாட்டும், உறிஞ்சும், போகும்.

கட்டடங்களின் குழாய் வேலையைப் பார்க்கிறவன் என்ற முறையில் என்னை அழைத்தபோது மூன்று குறைகளைச் சொன்னார்கள். லாரி நெடுநேரம் ஓடியும் பாதிதான் நிரம்புகிறது, ஆனால் கூலி முழு லோடுக்குத்தான். எடுத்து முடித்துக் குழாயைக் கழற்றும்போது தெருவில் கழிவு கொட்டுகிறது, எதிர்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். லாரி வந்துபோன இரவெல்லாம் தரைத்தள அறைகளில் நாற்றம் தாங்க முடியவில்லை. மூன்றும் வெவ்வேறு தொல்லை என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

அவர்கள் குறையாகச் சொல்லாமல், பேச்சுவாக்கில் சொன்ன ஒன்றுதான் என்னை உலுக்கியது. ஒருநாள் லாரி சுத்தமாக உறிஞ்சவில்லை. முனையில் மாட்டிய குழாயைக் கழற்றிவிட்டுப் பின்பக்க மேன்ஹோல் மூடியைத் திறந்திருக்கிறார்கள். லாரியோடு வந்த இளைஞர் மூங்கில் கழியால் கிளறிப் பார்த்திருக்கிறார். கழி அடிவரை எட்டவில்லை. "ரெண்டு படி இறங்கிக் குழாய் வாயைப் பார்த்துவிட்டு வா" என்று யாரோ சொல்ல, அவர் சட்டையைக் கழற்றியிருக்கிறார். விடுதியை நிர்வகிக்கும் அம்மா ஓடிவந்து, "தம்பி, மேலே நில். லாரி காலியாகவே திரும்பிப் போனாலும் பரவாயில்லை, நீ இறங்கக் கூடாது" என்று தடுத்திருக்கிறார். அடைபட்ட தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று தோன்றும் நேரமே ஆளைச் சாய்க்கும் நேரம். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறை பிடிபட்டாலே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவ்வளவும் இருந்தும், ஓர் இணைப்பு சரியாக உட்காராத காரணத்தால் ஓர் உயிர் இரண்டு படி தூரத்தில் நின்றிருக்கிறது. இந்த வேலையை நான் கையில் எடுத்தது அதற்காகத்தான்.

முனையில் கண்டது

மூடியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது மரையில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப். அதன்மேல் சாக்கு, அதன்மேல் கட்டுக்கம்பி. இந்த விடுதிக்கு வெவ்வேறு லாரிகள் வருகின்றன. ஒன்றின் குழாய் முனையில் மூன்று இஞ்ச் கேம்லாக் கப்ளிங், அதாவது நெம்புகோல்களை மடக்கிப் பூட்டும் இணைப்பு. இன்னொன்றில் போல்ட் போடும் ஃபிளாஞ்ச், அதாவது சுற்றிலும் துளையிட்ட வட்டத் தகடு. மற்றொன்றில் எதுவுமே இல்லை, வெட்டிய நாலு இஞ்ச் பச்சைக் குழாய்தான். எது வந்தாலும் டியூபும் சாக்கும் சுற்றி ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு வழி காண்போம் என்று உரிமையாளர் சென்னையிலிருந்து ஒரு நாலு இஞ்ச் அலுமினியக் கேம்லாக் துண்டை வரவழைத்திருந்தார். கட்டடத்தின் மரையும் நாலு இஞ்ச், வாங்கியதும் நாலு இஞ்ச், ஆகவே பொருந்த வேண்டும். இரண்டு சுற்று போனதும் இறுகி நின்றுவிட்டது. யாரோ பைப் ரெஞ்ச் போட்டு இன்னும் அரைச் சுற்று ஏற்றியிருக்கிறார்கள்.

வெர்னியரும் மரை அளவுச் சீப்பும் வைத்துப் பார்த்தபோது காரணம் தெளிவாகிவிட்டது. நம் ஊர்க் குழாய்களில் வழக்கமாக இருப்பது பிரிட்டிஷ் குழாய் மரை. நாலு இஞ்ச் அளவில் அதன் வெளிவிட்டம் 113 மில்லிமீட்டர், ஓர் இஞ்சுக்கு 11 மரை, மரையின் கோணம் 55 பாகை. வாங்கிவந்த துண்டில் இருந்தது அமெரிக்க மரை. அதற்கான நாலு இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 114.3 மில்லிமீட்டர், இஞ்சுக்கு 8 மரை, கோணம் 60 பாகை. பதினொன்றும் எட்டும் ஒன்றின்மேல் ஒன்று எப்படி ஏறும்? முதல் சுற்றில் ஏமாற்றிவிட்டு இரண்டாம் சுற்றில் கடிக்கும். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் அளவுகளில் இரண்டு முறையிலும் இஞ்சுக்கு 14 மரைதான் என்பதால் சின்னக் குழாய்களில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியவருவதில்லை. பெரிய அளவுக்குப் போகும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம்.

இதோடு இன்னொரு குழப்பம். கடையில் நாலு இஞ்ச் பிவிசி குழாய் என்று கொடுப்பது வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர். நாலு இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் என்றால் வெளிவிட்டம் 114 மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஒரு நூலுக்கும் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) மேலான வித்தியாசம். லாரிக்காரர் கொண்டுவரும் நாலு இஞ்ச் குழாய்க்கோ உள்விட்டம்தான் 100 மில்லிமீட்டர். மூன்றுக்கும் பெயர் ஒன்று, எந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போகாது. "அண்ணே, நாலு இஞ்ச் என்றுதானே சொன்னீர்கள்" என்று லாரி ஓட்டுநர் கேட்டதில் தவறே இல்லை.

பைப் ரெஞ்ச் போட்ட இடத்தில் பிவிசி துண்டின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்று வெளுத்துப்போன பிவிசி. வேலூர் மே மாத வெயில் அதை உலர்த்தி நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்திருந்தது. விரலை வைத்தால் ஈரம் இல்லை. அதனால் யாரும் அதைக் கசிவு என்று நினைக்கவில்லை. உறிஞ்சும் குழாயில் கசிவு வெளியே சொட்டாது, காற்றை உள்ளே இழுக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாமல் லாரியின் இழுவை மட்டும் குறையும்.

எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டேன். கடல்மட்டத்தில் முழு வெற்றிடம் தண்ணீரை 10.3 மீட்டர் தூக்கும். அது ஏட்டுக் கணக்கு. லாரியின் பம்ப் நல்ல நிலையில் இருந்தால் ஆறு மீட்டர் அளவுக்கு இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே தொட்டியின் அடியிலிருந்து லாரித் தொட்டியின் வாய் வரை உயரமே நான்கு மீட்டர். மிச்சமுள்ள இரண்டு மீட்டரில்தான் கசடு இவ்வளவு நீளக் குழாயில் ஓடிவர வேண்டும். மயிரிழை விரிசலும் சாக்குச் சுற்றலும் அந்த இரண்டு மீட்டரைத் தின்றுவிட்டன. அரை லோடு மட்டுமே வந்ததற்குக் காரணம் இதுதான். தெளிந்த நீர் வந்துவிடும், அடியில் இருக்கும் கெட்டிக் கசடு அசையாது.

தெருவில் கொட்டியதற்கும் காரணம் இதே முனையில்தான் இருந்தது. பம்ப் ஓடும்போது அந்த இழுவை, நாலு இஞ்ச் வாயில் சுமார் 50 கிலோ எடை அழுத்துவதுபோலக் குழாயைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும். சாக்குச் சுற்றல் தாங்கியது போலத் தோன்றியது அதனால்தான். பம்ப்பை நிறுத்திய கணத்தில் அந்தப் பிடி போய்விடுகிறது. கழிவு நிறைந்த குழாயின் கனம் முனையைக் கீழே இழுக்கிறது. கட்டுக்கம்பி நழுவுகிறது.

மூன்றாவது குறையான நாற்றத்துக்கு மொட்டைமாடி வரை போக வேண்டியிருந்தது. தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாயின் தலையில் கொசுவலை கட்டியிருந்தார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அதன்மேல் புறா கூடு கட்டி, எச்சமும் சுள்ளியும் வாயை அடைத்துவிட்டன. லாரி நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டரை இழுக்கும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று வேண்டும். மேலே வழி இல்லாததால் அது தரைத்தளக் கழிப்பறைக் கோப்பைகளின் வளைவில் நிற்கும் நீரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நீர் பூட்டு உடைந்தபின் தொட்டியின் வாயு நேராக அறைக்குள்தான் வரும். நோயாளிகள் படுத்திருக்கும் அறைகள் அவை.

படகுக்காரர்கள் தீர்த்த விதம்

இதே தொல்லை கடலில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களுக்கும் உண்டு என்பதை, வளைகுடா நாட்டில் படகுத்துறை ஒன்றில் வேலை பார்த்துத் திரும்பிய மேல்விஷாரத்துக்காரர் ஒருவரிடமிருந்து அறிந்தேன். படகின் கழிவறைத் தொட்டியைக் கரையிலுள்ள பம்ப் மூலம் உறிஞ்சி எடுப்பார்கள். மேல்தளத்தில் அதற்கென 1½ இஞ்ச் வாய் ஒன்று இருக்கும். அமெரிக்கப் படகுகளில் அதன் மரை இஞ்சுக்கு 11½. பிரிட்டிஷ் மரை என்றால் 11. அரை மரைதான் வித்தியாசம், ஆனாலும் உட்காராது. ஊர் ஊராகப் போகிற படகுக்கு இது பெரிய அவதி. இதற்காகவே ஐஎஸ்ஓ 4567 என்று ஒரு சர்வதேசத் தரம் வகுக்கப்பட்டது. 1992இல் அமெரிக்கா கொண்டுவந்த தூய படகுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், அரசுப் பணத்தில் அமைக்கும் உறிஞ்சு நிலையங்களும் படகுகளும் ஒன்றோடொன்று சேரும்படி அந்த இணைப்பை நிர்ணயித்தன.

மரை சேராத பழைய படகுகளுக்குக் கூம்பு வடிவ ரப்பர் மூக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அதை வாயில் வைத்துக் கையால் அழுத்தினால் போதும், இழுவையே அதைப் பிடித்துக்கொள்ளும். மூக்குக்கு அருகில் கண்ணாடி போன்ற தெளிந்த துண்டு ஒன்றும் இருக்கும், கழிவு ஓடுகிறதா வெறும் காற்றா என்று பார்க்க. காற்றுப்போக்கி அடைத்திருந்தால் படகின் பிளாஸ்டிக் தொட்டியே உள்ளே நசுங்கிவிடும் என்பதால் முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம்.

ரப்பர் மூக்கு நமக்கு உதவாது. ஒன்றரை இஞ்சைக் கையால் அழுத்திப் பிடிக்கலாம். தெருவில் தொங்கும் நாலு இஞ்ச் குழாயின் கனத்தை யார் பிடிப்பது? ஆனால் மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டேன். அதைவிட முக்கியமாக, நிலையாக இருக்கும் பக்கத்தில் தரமான ஒரே முனையை வைத்துவிட்டு, மாறி மாறி வருகிற பக்கத்துக்கு இடைத்துண்டுகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு லாரிக்கும் ஏற்பக் கட்டடத்தின் முனையை வளைத்துக்கொண்டிருந்தோம்.

செய்த மாற்றம்

விரிசல் விட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு, சுவருக்குள் நல்ல குழாய் கிடைக்கும் இடம் வரை போனோம். பழைய குழாயில் பாதிதூரம் ரப்பர் வளையம் வைத்த மூட்டுகள். அந்த வளையங்கள் உள்ளிருந்து வெளியே கசியாமல் இருக்கச் செய்யப்பட்டவை, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் வேலைக்கு நம்பக் கூடாது. எனவே அந்தப் பகுதியை அழுத்தம் தாங்கும் பிவிசி குழாயாக மாற்றிப் பசை போட்டு ஒட்டினோம். குழாய் தொட்டியை நோக்கிச் சரியும்படி வாட்டம் கொடுத்தோம்.

சுவருக்கு வெளியே பிவிசி வரவே கூடாது என்பது என் தீர்மானம். வெயில் ஒரு காரணம், பைப் ரெஞ்ச் மறு காரணம். 110 பிவிசி குழாயின் முனையில் ஃபிளாஞ்ச் துண்டு ஒட்டி, அதோடு இரும்பு ஃபிளாஞ்ச் சேர்த்து, அதிலிருந்து நாலு இஞ்ச் ஜிஐ நிப்பிள் (மரை போட்ட குட்டைக் குழாய்த் துண்டு) வெளியே வருகிறது. நிப்பிளின் மரை பிரிட்டிஷ் மரைதான், கேம்லாக்கின் உள்மரையும் அதுவேதான். கடையில் பெட்டியைப் பிரித்து, நிப்பிளைக் கையால் நான்கு சுற்று ஏற்றிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தோம். இதை யார் வாங்கப் போனாலும் செய்ய வேண்டும். பெட்டியின்மேல் நாலு இஞ்ச் என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் மரையைப் பற்றி ஒன்றும் இல்லை.

கேம்லாக்கில் ஆண் முனை கட்டடத்தின் பக்கம். நெம்புகோல்களும் ரப்பர் வாஷரும் பெண் முனையில் இருப்பதால், தேயும் பாகங்கள் எல்லாம் கழற்றி எடுத்துவைக்கும் துண்டில் போய்விடுகின்றன. சுவரில் நிற்பது வெறும் உலோகம். அதற்கு மூடி, மூடிக்குச் சங்கிலி, பூட்டு.

முனைக்குப் பின்னால் கத்தி போல இறங்கி அடைக்கும் தகட்டு வால்வு ஒன்று. வழக்கமான கேட் வால்வின் அடிப்பள்ளத்தில் துணியும் நாப்கினும் சேர்ந்து மூட விடாது. வால்வுக்கும் முனைக்கும் நடுவே அரை இஞ்ச் பித்தளைக் குழாய்த் திருகு ஒன்று. இந்தச் சின்னத் திருகுதான் தெருவைக் காப்பாற்றியது. எடுத்து முடிந்ததும் லாரியின் பம்ப் ஓடும்போதே இதைத் திறக்க வேண்டும். காற்று உள்ளே பாயும். லாரிப் பக்கக் குழாயில் இருப்பது லாரிக்குள் போய்விடும், கட்டடப் பக்கத்தில் இருப்பது வாட்டத்தில் தொட்டிக்கே திரும்பிவிடும். படகுக்காரர்களைப் பார்த்து இணைப்பில் வைத்த தெளிந்த துண்டில் வெறும் காற்று ஓடுவது தெரிந்ததும் வால்வை அடைத்து, பம்ப்பை நிறுத்தி, நெம்புகோல்களைத் தூக்கினால் குழாய் காலியாகக் கழன்று வரும்.

இடைத்துண்டுகளை ராணிப்பேட்டை லேத் பட்டறையில் செய்தோம். மூன்று இஞ்ச் கேம்லாக் லாரிக்கு, நாலிலிருந்து மூன்றுக்குச் சரிவாகக் குறுகும் துண்டு. படிக்கட்டு போலச் சட்டென்று குறுகினால் துணி அங்கேதான் மாட்டும். வாயின் பரப்பு பாதியைச் சற்று தாண்டும் அளவுக்குக் குறைந்துவிடுவதால் நேரம் கூடுதலாகத்தான் ஆகும், அதைத் தவிர்க்க முடியாது. வெறும் குழாய் லாரிக்கு, வரி வெட்டிய வால் கொண்ட துண்டும் போல்ட் வைத்த இரண்டு கிளாம்பும்.

ஃபிளாஞ்ச் லாரிக்கான துண்டில்தான் பட்டறைக்காரரின் கைத்திறன் தெரிந்தது. நாலு இஞ்ச் ஃபிளாஞ்சுகளில் போல்ட் துளைகள் அமையும் வட்டம் பழைய பிரிட்டிஷ் அட்டவணையில் 178 மில்லிமீட்டர், ஐரோப்பிய முறையில் 180, அமெரிக்க முறையில் 190.5. எந்த லாரியில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. "சார், துளையை நீட்டிவிட்டால் எல்லாவற்றுக்கும் வருமே" என்றார் அவர். நான்கே துளை, ஒவ்வொன்றும் மையத்தை நோக்கி நீண்ட கீற்று. எட்டுத் துளை ஃபிளாஞ்சிலும் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் 90 பாகையில் அமைந்துவிடும் என்பதால் துண்டைச் சற்றுத் திருப்பினால் போதும். நடுவில் தடித்த ரப்பர். அதிக அழுத்தத்துக்கு இது ஆகாது, இழுவைக்குத் தாராளமாகத் தாங்கும்.

மொட்டைமாடியில் புறாக்கூட்டை அகற்றி, காற்றுப்போக்கியின் தலையில் கம்பிவலைக் கூண்டு வைத்தோம். நாற்றத்துக்குச் செய்தது அவ்வளவுதான்.

சோதனையும் பழக்கமும்

சுவர் வால்வை அடைத்துவிட்டு லாரியை இழுக்கச் சொன்னோம். இழுவையைக் காட்டும் மானியின் முள் ஏறி நின்றதும் பம்ப் பக்க வால்வை மூடிப் பார்த்தோம். முள் இறங்காமல் நின்றால் லாரிக் குழாயும் இணைப்பும் சுத்தம். சுவருக்குள் இருக்கும் மூட்டுகளுக்கு, இழுவை ஓடும்போது மெல்லிய பாலித்தீன் துண்டை அருகே பிடித்துப் பார்த்தோம். காற்று போகும் இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். ஊதுபத்திப் புகை இன்னும் தெளிவாகக் காட்டும் என்று ஒருவர் சொன்னார். மீத்தேன் இருக்கக்கூடிய இடத்தில் நெருப்பு வேண்டாம் என்று மறுத்துவிட்டோம்.

புதிய இணைப்பில் வந்த முதல் லாரி முழுதாக நிரம்பியது. தெளிந்த துண்டில் கடைசியில் ஓடியது கறுத்த கெட்டிக் கசடு. இத்தனை காலம் அசையாமல் கிடந்தது அதுதான். பின்பக்க மேன்ஹோல் மூடியைத் திறக்கவே இல்லை. நிர்வாகி அம்மா அதற்கும் பூட்டுப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். "உள்ளே பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் என்னிடம் வர வேண்டும்" என்று லாரிக்காரர்களிடம் சொல்லிவிட்டார். இடைத்துண்டுப் பெட்டி வரவேற்பு மேசைக்கு அடியில் இருக்கிறது. எந்தத் துண்டு எந்த லாரிக்கு என்று பெயின்டால் எழுதியிருக்கிறோம். துண்டைக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் அது லாரியோடு போய்விடும்.

பக்கத்து விடுதிக்காரர் இதைப் பார்த்துவிட்டுத் தமக்கும் செய்யச் சொன்னார். அங்கே அளந்தபோது தொட்டி ஆழம், தரைமட்டம் தெருவைவிடத் தாழ்வு. தூக்க வேண்டிய உயரம் மட்டுமே ஐந்தரை மீட்டருக்கு மேல். எவ்வளவு நல்ல கப்ளிங் போட்டாலும் ஓட்டத்துக்கு மிச்சம் இராது. அங்கே சுவர் முனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தொட்டியிலேயே கசடு பம்ப் ஒன்றை நிரந்தரமாக இறக்கி, கீழிருந்து தள்ளும்படி செய்ய வேண்டும். அப்போது குழாயில் இருப்பது அழுத்தம். இணைப்பு விட்டால் தெருவில் பீய்ச்சி அடிக்கும். அதனால் கீற்றுத் துளை ஃபிளாஞ்ச் துண்டை அந்தப் பெட்டியில் வைக்கப் போவதில்லை. கேம்லாக் நெம்புகோல்களுக்குப் பூட்டுக் கொக்கி கட்டாயம். அதற்கான அளவுகளை எடுத்துப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன்.